கன்னியம்மாள் வீட்டில் எத்தனை பேர்

எத்தனை பேர் என்று கேட்டால் "இன்னாத்துக்கு?" என்பாள் கன்னியம்மாள். பால்காரர் எத்தனை லிட்டர் என்று கேட்டாலும் இதே பதில்தான். கதவை ஒரு சாண் திறந்து, அந்தச் சந்தில் ஒற்றைக் கண்ணை வைத்துத்தான் பேச்சு. மக்கள்தொகைக் கணக்கெடுக்க மூன்றாம் முறையாகப் போன என் அடையாள அட்டையை அன்றும் வாங்கி, போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "போட்டோல கொஞ்சம் சதப்பிடிப்பா இருக்கறீங்க டீச்சர்" என்று சந்தேகம் தீராமலே திருப்பிக் கொடுத்தாள்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் கால் மணி நேரம், இந்த ஊர். வேர்க்கடலை போட்டுப் பிழைத்த வீடுகளில் பாதிப் பேர் இன்று கம்பெனி வேனில் ஏறுகிறார்கள். திருவண்ணாமலை லாட்ஜுகளில் வேலை பார்ப்பவர்கள், சென்னையில் குடியேறித் தீபத்துக்கு மட்டும் தலைகாட்டுபவர்கள், செங்கல் சூளைக்கு வந்த ஒடிசாக் குடும்பங்கள் என்று எல்லோரும் அவளுக்கு அத்துப்படி. தான் கால் வைக்காத காலனித் தெருவில் எத்தனை தலைகள் என்றுகூடச் சொல்வாள். "அருணகிரி நாலு பேர்னு சொல்லியிருப்பானே. மூத்தவன் மெட்ராஸ் போயி ரெண்டு வருஷம் ஆச்சு. ஒண்ணு ஜாஸ்தி, அடிச்சிடுங்க. சூளையில போன மாசம் ஒரு கொழந்த பொறந்துது, அத வுட்டுட்டீங்க பாருங்க."

விட்டுத்தான் இருந்தேன். வெட்கத்தோடு போய்ச் சேர்த்துக்கொண்டு வந்தேன்.

அவள் வீட்டைப் பற்றிக் கேட்டால்தான் வம்பு. "நான் ஒருத்திதான்" என்றாள். கொடியில் பள்ளிச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது. "பக்கத்து வூட்டுப் பொண்ணுது. இங்கதான் வெயில் நல்லா வுழுது." உள்ளே யாரோ தும்மினார்கள். "பூன" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

பூனையின் பெயர் ஆர்த்தி என்பதை எதிர்வீட்டு கீதாஞ்சலி முன்பே சொல்லியிருந்தாள். கன்னியம்மாளின் இறந்துபோன தங்கையின் மகள். அப்பன் விமல்ராஜ் மறுகல்யாணம் செய்துகொண்டு நாலு வருடமாக எட்டிப் பார்க்கவில்லை. இப்போது கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருக்கிறது, அதனால் மகள் ஞாபகம் வந்திருக்கிறது. எங்கோ ஹாஸ்டலில் சேர்த்துவிட்டதாகக் கன்னியம்மாள் அவனிடம் சொல்லிவைத்திருக்கிறாள். பேப்பரில் ஏறினால் வந்து இழுத்துக்கொண்டு போய்விடுவான் என்று பயம்.

"இத யாருக்கும் காட்ட மாட்டோம்மா. சட்டமே இருக்கு."

"நீங்க காட்ட மாட்டீங்க. போன்ல ஏத்தறீங்களே, போன் காட்டாதா?"

போனைக் கீழே இறக்கிக்கொண்டேன். "சரி, ஒருத்தர்னே போட்டுடறேன். ஆனா அந்தப் பொண்ண அவங்கப்பன் வீட்லயும் எழுதியிருக்க மாட்டாங்க. அப்ப அவ எங்கயுமே இல்லாதவளா ஆயிடுவா."

சொல்லியிருக்கக் கூடாதோ என்று உடனே மனசு அடித்துக்கொண்டது. சந்தில் இருந்த கண் என்னை விட்டு நகர்ந்து கொடியைப் பார்த்தது.

"சூளக் கொழந்தைய எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்."

கதவு சாத்திக்கொண்டது. கிளம்பலாம் என்று பையை மாட்டினேன். அப்போதுதான் கதவு முழுதாகத் திறந்தது, மூன்று வருகைகளில் முதல் முறையாக. அவள் கையில் ஒரு சின்ன ஜோடிச் செருப்பு.

"ஆர்த்தினு எழுதுங்க. அப்பன் பேரு மட்டும் கேக்காதீங்க."

செருப்பை வாசலில் தன் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். அது தெருவைப் பார்த்து இருந்தது. குனிந்து, வீட்டைப் பார்க்கத் திருப்பி வைத்தாள்.