பிள்ளையார்பட்டிக்குக் கிளம்பிய சாவி

பேய்ப்படங்களைப் பற்றி எனக்குச் சில உறுதியான கருத்துகள் உண்டு. அவற்றில் பாதி, கண்ணை மூடிக்கொண்டு பார்த்த படங்களிலிருந்து உருவானவை.

முதல் கருத்து, பாடுகிற பேய் பேயே இல்லை. வெள்ளைச் சேலை, விரித்த கூந்தல், கையில் விளக்கு என்று ஒரு பெண் தோட்டத்தில் பாடிக்கொண்டு போனால் அது சொத்துக்காக யாரோ செய்கிற ஏற்பாடு. பேயாக இருந்தால் விளக்கு எதற்கு? செத்த பிறகும் கால் தடுக்கி விழுந்துவிடுவோம் என்ற பயமா?

இரண்டாவது, மர்மப்படத்தில் யாரை நாம் சந்தேகப்படவே மாட்டோமோ அந்த ஆள்தான் கொலைகாரன். ஆகவே படம் தொடங்கியதும் சந்தேகமே வராத முகமாகப் பார்த்து ஒருவனைப் பொறுக்கிக்கொள்வேன். இடைவேளையில் முறுக்கைக் கடித்தபடி அறிவிப்பேன். பத்துக்கு மூன்று பலித்துவிடும். பலிக்காத ஏழு படங்களை நானும் ஞாபகப்படுத்துவதில்லை, நண்பர்களும் கேட்பதில்லை. அறுபதுகளின் கடைசியில் காரைக்குடியில் எனக்கு இப்படியொரு துப்பறியும் பெயர் இருந்தது.

மூன்றாவது, பேய் பங்களா வைத்து எங்கள் ஊர்க்காரர்களைப் பயமுறுத்த முடியாது. நீளமான தாழ்வாரம், வரிசையாகத் தூண்கள், பூட்டிய அறைகள், லாந்தரோடு ஒரு காவல்காரக் கிழவர். இதில் பயப்பட என்ன இருக்கிறது? எங்கள் தெருவில் எல்லாமே அப்படிப்பட்ட வீடுதான். திரையில் கதாநாயகி நடுங்கிக்கொண்டு படியேறும்போது பின்னாலிருந்து ஒருவர் கேட்பார், "அந்தத் தூணு பர்மாத் தேக்குதானே?" இன்னொருவர், "இல்லண்ணே, அட்டை. வெட்டிப் பாத்தாத் தெரியும்" என்பார். எங்கள் வீடுகளில் முகப்பில் நின்று பார்த்தால் பின்கட்டு தாண்டி அடுத்த தெருவே தெரியும். பேய் எங்கே போய் ஒளியும்?

இவ்வளவும் பேசுகிற நான், வயலின் கீச்சிட்டதும் கண்ணை மூடிக்கொள்வேன். எல்லாம் ஏற்பாடு என்பது மூளைக்குத் தெரியும். முதுகுக்குத் தெரியாது. கேட்டால், கொலைகாரன் யாரென்று யோசித்துக்கொண்டிருந்ததாகச் சொல்லிவிடுவேன்.

இந்தக் கருத்துகள் ஒரே நாளில் தலைகீழானது என் தங்கை கல்யாணத்தின்போதுதான்.

எங்கள் பெரிய வீடு ஐந்து பங்காளிகளுக்குப் பொது. கல்யாணம் என்றால் அங்கேதான், மற்ற நாளெல்லாம் பூட்டுத்தான். உள்ளே அவரவர் அறைக்கு அவரவர் சாவி. வாசல் கதவுக்கு மட்டும் ஒரே சாவி, ஒரு சாணுக்கு மேல் நீளம், குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்க வேண்டும். மாற்றுச் சாவி செய்தால் பங்காளிகளுக்குள் ஒருவரையொருவர் சந்தேகப்படத் தொடங்கிவிடுவார்கள் என்று முன்னோர்கள் செய்யவே இல்லை. வருஷத்துக்கு ஒரு குடும்பம் என்று சாவி முறை மாறி வரும். அந்த வருஷம் எங்கள் முறை. அப்பச்சி, அதாவது என் அப்பா, பினாங்கிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை என்பதால் சாவி என் பொறுப்பு.

கல்யாணத்துக்கு வீடு திறக்குமுன் சாவியைப் பிள்ளையார்பட்டிக்குக் கொண்டுபோய், பிள்ளையார் காலடியில் வைத்து வாங்கி வருவது எங்கள் வழக்கம். வியாழக்கிழமை காலை ஏழரைக்கு மேல் ஒன்பதுக்குள் வீடு திறக்க நல்ல நேரம் பார்த்திருந்தார்கள். செவ்வாய் மத்தியானம் சாவியைத் துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் தியேட்டர். வாசலில் தட்டி, மண்டை ஓடு, ஒரு கை, "இன்னும் இரண்டே நாள்". பிள்ளையார் எங்கும் போய்விடமாட்டார், படம் போய்விடும் என்று தோன்றியது. மேட்னிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன்.

படம் விட்டு வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. துண்டை அப்படியே ஆணியில் மாட்டிவிட்டு, "நல்ல தரிசனம்" என்றேன் மனைவியிடம். மறுநாள் பிள்ளையாரிடம் மெதுவாகப் பேசிக்கொள்ளலாம் என்று எண்ணம்.

புதன் காலை, சாவிக்குப் பொட்டு வைக்க என்று அவள் துண்டை எடுத்து உதறினாள். துண்டு மட்டும்தான் இருந்தது.

வியாழன் காலையில் ஐந்து குடும்பமும் வாசலில் வந்து நிற்கும். சாவி இல்லையென்றால் பூட்டை உடைக்க வேண்டும். பூட்டை உடைத்து நுழைந்த வீட்டில் தாலி கட்டினார்கள் என்ற பேச்சை என் தங்கை ஆயுசுக்கும் சுமக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் அந்த விஷயத்தில் ரொம்பப் பார்ப்பவர்கள்.

இந்த நேரத்தில் ஒரு புத்திசாலி என்ன செய்வான்? உட்கார்ந்து யோசிப்பான். நான் துப்பறிந்தேன்.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கூடத்தில் மூன்று தடவை நடந்தேன். நேற்றுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துபோனது யார்? பெரியப்பச்சி மட்டும்தான். பங்காளிகளில் மூத்தவர், நெற்றி நிறைய திருநீறு, பொய் சொல்லத் தெரியாதவர். சந்தேகமே வராத முகம். ஆகவே அவர்தான்! காரணமும் கிடைத்தது. சாவி முறை இந்தத் தடவை அவர் குடும்பத்துக்கு வந்திருக்க வேண்டியது என்று அவருக்கு ஒரு குறை உண்டு.

அவர் வீட்டுக்குப் போனேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"பெரியப்பச்சி, நேத்து எங்க வீட்டுக்கு வந்துட்டுத் திரும்புறப்ப, கையில எதுவும் கொண்டு போனீகளா?"

கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "உம் பொண்டாட்டி நாலு மாவுருண்டை குடுத்துச்சு. திருப்பித் தரணுமாப்பா?"

"அதுக்கில்ல..."

"மூணைத் தின்னுட்டேன். ஒண்ணு இருக்கு, கொண்டு போறியா?"

"வேணாம் பெரியப்பச்சி."

"சாவி பத்திரமா இருக்குல்ல?"

"இருக்கு பெரியப்பச்சி" என்றேன். எங்கேயோ ஓரிடத்தில் பத்திரமாக இருக்கிறது என்பது உண்மைதானே.

திரும்பி வந்தபோது மனைவி என் நேற்றைய சட்டையோடு உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. அவள் அதிகம் பேசி நான் கேட்டதில்லை.

"பிள்ளையார்பட்டிக்குப் போனவுகளுக்கு நெத்தியில திருநீறு இல்ல. நேத்தே பாத்தேன்."

"வேர்வையில அழிஞ்சிருக்கும்."

"பிரசாதம்?"

"பஸ்ஸிலயே சாப்பிட்டுட்டேன்."

"பஸ் டிக்கெட்டு?" என்று கேட்டபடி சட்டைப் பையிலிருந்து பாதி கிழிந்த ஒரு டிக்கெட்டை எடுத்துக் காட்டினாள். அது எந்த பஸ்ஸுக்கும் உரியதல்ல. "பெஞ்சு டிக்கெட்டுன்னு போட்டிருக்கு. அந்த பஸ்ஸு எங்குட்டு போச்சு?"

ஒப்புக்கொண்டேன். என் கருத்துப்படி குற்றவாளி கடைசி ரீல் வரை தாக்குப்பிடிக்க வேண்டும். நான் இரண்டு நிமிஷம்கூடத் தாங்கவில்லை.

"சாவி எங்க இருந்துச்சு?"

"துண்டுக்குள்ள. மடியில."

"பேய் வந்துச்சா?"

"பாட்டு முடிஞ்சதும் ஜன்னல்ல வந்துச்சு."

"அப்ப துண்டு எங்க இருந்துச்சு?"

நான் யோசித்தேன். அப்போதுதான் தெரிந்தது, துண்டு அந்த நேரத்தில் என் முகத்தில் இருந்தது. கை தானாகச் செய்த காரியம். பெஞ்சுக்குக் கீழே மணல் தரை. விழுந்த சத்தம்கூடக் கேட்டிருக்காது. வீடு வரை கொலைகாரனையே யோசித்துக்கொண்டு வந்ததில், துண்டின் கனம் குறைந்ததும் உறைக்கவில்லை.

"கண்ணை மூடுறதைத்தான் போன படத்துலயே பாத்தேனே. துண்டு வேற போத்திக்குவீகளா?" என்றாள். சந்தேகமே வராத ஆள்தான் குற்றவாளி என்ற என் கொள்கை அன்று முழுதாக நிரூபணமானது. என்னை ஒருவனைத்தான் நான் சந்தேகப்படவே இல்லை.

மத்தியானம் தியேட்டர் திறக்கிற நேரம் பார்த்து ஓடினோம். மேட்னிக்குக் கூட்டம் உள்ளே போய்க்கொண்டிருந்தது. பெஞ்சுக்குக் கீழே மணலைக் கையால் அளைந்தேன். கடலைத் தோல், அணைந்த பீடி, ஒரு ஹேர்ப்பின். சாவி இல்லை. பூட்டை உடைக்கிற சத்தம் காதில் கேட்கத் தொடங்கிவிட்டது.

நிஜமாகவே ஒரு சத்தம் கேட்டது. ணங்! ணங்! ணங்!

அந்தத் தியேட்டரில் மணி என்பது வாசலில் தொங்கும் ஒரு தண்டவாளத் துண்டு. கேட்காரர் ஒரு போல்ட்டால் தட்டுவார், செத்த சத்தமாக வரும். இன்று கோயில் மணிபோல் கணீரென்றது. மனைவி என்னைப் பார்த்தாள். நான் பாய்ந்தேன்.

கேட்காரர் கையில் எங்கள் சாவி.

"அண்ணே, அது எங்க வீட்டுச் சாவி!"

"சாவியா?" அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நேத்துக் கூட்டுறப்பக் கெடச்சுச்சு. கெணத்துல தண்ணி எறைக்கிற கமலைச் சாமான்னுல்ல நெனச்சேன். நல்ல நாதம்ணே. மொதலாளியே கூப்புட்டுக் கேட்டாரு, மணியை மாத்திட்டியான்னு."

"குடுங்கண்ணே, புண்ணியமாப் போகும்."

"தாரேன், தாரேன். பழைய போல்ட்டை எங்கயோ வச்சுட்டேன். இடைவேளை மணி அடிச்சிட்டுத் தாரேன். உக்காந்து படம் பாருங்க."

அவர் அதிலிருந்து இறங்குவதாக இல்லை. ஆச்சரியமாக, எனக்கும் கோபம் வரவில்லை. காலையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கி, உடம்பே லேசாகிவிட்டது. ஒரு பொட்டலம் முறுக்கு வாங்கிக்கொண்டு மனைவி பக்கத்தில் உட்கார்ந்தேன். பாட்டு வந்தது. ஜன்னலில் பேய் வந்தது. வயலின் கீச்சிட்டது. முதல் தடவையாகக் கண்ணைத் திறந்தே பார்த்தேன். ஒரு பயமும் இல்லை. பெரியப்பச்சியின் முகத்தை நினைத்து ஒரு பகல் முழுக்க நடுங்கியவனுக்கு அந்தப் பேய் ரொம்பச் சாதுவாகத் தெரிந்தது, பாவம்.

"பேய் செருப்புப் போட்டிருக்கு" என்றாள் மனைவி, முறுக்கை உடைத்தபடி.

நான் கவனித்ததே இல்லை.

இடைவேளை மணி முழங்கியது. சாவியை வாங்கிக்கொண்டு நேரே பிள்ளையார்பட்டி பஸ். பிள்ளையார் காலடியில் வைத்து, ஒரு நாள் தாமதத்துக்கு மனசுக்குள் தோப்புக்கரணம் போட்டேன். திரும்பும்போது, "கொலை பண்ணது அந்த டாக்டரு, இல்லையா?" என்று கேட்டாள். நான் முழுப்படமும் பார்த்தவன், முந்தின நாள் இடைவேளையில் எஸ்டேட் மேனேஜர் என்று நாலு பேரிடம் சத்தியம் செய்தவன். அவள் பார்த்தது பாதிப் படம். டாக்டர்தான்.

வியாழன் காலை, எட்டு மணிக்கு, ஐந்து குடும்பமும் வாசலில் நின்றது. பெரியப்பச்சி என் கையிலிருந்து சாவியை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனார். தண்டவாளத்தில் பட்ட முனை மட்டும் வெள்ளியாக மின்னியது.

"என்னப்பா, நுனி பளபளங்குது?"

"தேய்ச்சு வச்சேன் பெரியப்பச்சி."

"பாத்தீகளா? பொறுப்புன்னா இப்படி இருக்கணும்" என்று மற்றவர்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு, பூட்டில் நுழைத்துத் திருப்பினார். கதவு ஒரு கீச்சுச் சத்தத்தோடு திறந்தது, பேய்ப்படத்தில் வருகிற அதே சத்தம். எவ்வளவு இனிமை என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

எனக்குப் பின்னால், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற என் மனைவிக்குத் தீராத இருமல்.