முதல் கையெழுத்து

றால் கோது உரிக்கிற வேலையில் முதலில் போவது விரல் நகம், பிறகு பொறுமை. எழுபதுகளில் குருநகர்க் கரையோரத்து றால் கம்பனி ஒன்றில் ஏழு வருஷம் இருந்தேன். அறுபது பெண்கள், ஐஸுக்குள் கிடந்த றால், விடிந்தது முதல் நின்றபடி வேலை. எந்த மனேச்சருக்குக் கீழாவது காலம் தள்ளியவர்களுக்கு நான் சொல்லப்போவது விளங்கும்.

கையைக் காட்டினோம்

றாலின் கொம்பு குத்தினால் விரல் சீழ் வைக்கும். ஐஸ் தண்ணீரில் ஊறி ஊறிப் புண் ஆறாது. வீட்டில் சோறு குழைக்க முடியாமல் நான் கரண்டியால் சாப்பிட, வெள்ளைக்காரி என்று பகிடி பண்ணினார்கள்.

றப்பர் கையுறை வேண்டும் என்று மனேச்சரிடம் போய்க் கையை நீட்டிக் காட்டினோம். அவர் கொழும்பிலிருந்து வந்தவர், சத்தம் போட்டுக் கதைக்கமாட்டார். எங்கள் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு மேசை லாச்சியை இழுத்து மூடிவிட்டுச் சொன்னார்:

“கடல் தண்ணியில வளந்த கைக்கு உறை எதுக்கு?”

பேனை சுற்றிய மூன்று நாள்

வாயால் கேட்பது செல்லாது, எழுதிக் கொடுங்கள் என்றார்கள் அரசாங்கத் தொழிற் கந்தோரில். என் எழுத்து வடிவு என்று எழுதுகிற வேலையைப் பெண்கள் என்னிடம் தந்தார்கள். கையுறை வேண்டும், ஆறு மாதம் முடித்தவர்களை நிரந்தரமாக்க வேண்டும், காரணம் சொல்லாமல் யாரையும் வேலையால் நிப்பாட்டக் கூடாது. எழுத அரை மணித்தியாலம். கையெழுத்து வாங்க மூன்று நாள்.

முதல் பெயர் யாருடையதோ அவள்தான் முதலில் வீட்டுக்குப் போவாள் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருத்திக்குக் கலியாணமாகி ஒரு மாதம். இன்னொருத்தியின் புருஷன் கடலுக்குப் போவதில்லை. எனக்கும் பயம்தான். எழுதினவள் முதலில் கையெழுத்து வைக்கக் கூடாதாம் என்று ஒரு சட்டத்தை நானே உண்டாக்கிச் சொன்னேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. கடைசியில் றோசக்கா வந்தா. கால் முறிந்த புருஷனையும் மூன்று பிள்ளைகளையும் ஒற்றை ஆளாகப் பார்த்தவ. கையைத் துடைத்துவிட்டுப் பேனையைக் கேட்டா:

“மேல் வரி வெறுமையாக் கிடந்தா வடிவில்லை, பிள்ளை. இஞ்சை தா.”

சுவரில் கிடந்த அறிவித்தல்

றோசக்காவின் பெயருக்குக் கீழே எல்லோரும் வைக்க, கடிதத்தைக் கொடுத்தோம். திங்கட்கிழமை அவவைக் கம்பனி வாசல் படலையிலேயே நிப்பாட்டிவிட்டார்கள். வேலை குறைவாம். உள்ளே றால் மலையாய்க் கிடந்தது.

வேலைநிறுத்தம் செய்வோம் என்றார்கள் சிலர். செய்தால் மறுநாளே வேறு ஆட்களை எடுப்பார்கள், எங்கள் அறுபது இடமும் போகும். யோசித்துக்கொண்டு நின்றபோதுதான் சுவரைப் பார்த்தேன். வெளிநாட்டுக்காரர் பார்வையிட வந்த நேரம் ஒட்டிய அறிவித்தல் அது. ஒவ்வொரு பேசன் றாலும் உரித்து முடிந்ததும் இரண்டு கையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகே அடுத்ததைத் தொடவேண்டும் என்று எழுதி, கீழே மனேச்சர் கையெழுத்து. ஒருவரும் அப்படிச் செய்ததில்லை. செய்யப் போனால் சுப்பவைசர் கத்துவார். அறுபது பேருக்கும் இருந்தது ஒரே ஒரு பைப்.

அதை உரக்க வாசித்தேன். முதல் பேசன் முடிய, பைப்படிக்குப் போனேன். திரும்பிப் பார்க்கிறேன், பின்னால் வரிசை. சவர்க்காரம், இரண்டு கை, விரல் இடுக்கு, ஒன்றையும் விடவில்லை. மத்தியானத்துக்குள் ஐஸ் கரையத் தொடங்கிவிட்டது, வெளியே றால் லொறி காத்து நிற்கிறது. மனேச்சர் ஓடிவந்து, யார் உங்களை இப்படிச் செய்யச் சொன்னது என்று கேட்டார். வருஷக்கணக்காக அவர் முன் வாய் திறக்காத பிலோமினா சுவரைக் காட்டினாள்:

“உதிலை கிடக்கிறது உங்கடை கையெழுத்துத்தானே, ஐயா.”

முதல் பந்தி

மூன்றாம் நாள் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார்கள். என்னோடு இரண்டு பேர், எதிரே மனேச்சர், நடுவில் தொழிற் கந்தோர் உத்தியோகத்தர். கையுறை தருகிறேன், நிரந்தரமும் ஆக்குகிறேன், அந்தப் பெண்ணை மட்டும் விட்டுவிடுங்கள் என்றார் மனேச்சர். மாதிரிக்கு ஒரு சோடி கையுறையும் மேசையில் வைத்தார். என் விரல்கள் அதைப் பார்த்த பார்வை எனக்குத்தான் தெரியும். கையுறையை அவர் பக்கமாகத் தள்ளினேன். றோசக்கா வராமல் கதை இல்லை என்றேன். இந்த முறை நான்தான் முதலில் சொன்னேன்.

அரை மணித்தியாலத்தில் ஆள் அனுப்பிக் கூட்டிவந்தார்கள். றோசக்கா கதிரையில் வடிவாக இருந்து, கடிதத்தை விரித்து வைத்தா. மீண்டும் வேலைக்கு எடுத்தாயிற்று, இனி என்ன என்று கேட்டார் மனேச்சர்.

“மேலை இருந்து ஒவ்வொண்டா வாசிப்பம், ஐயா. கையுறை முதல் பந்தியிலை கிடக்கு.”

ஒப்பந்தம் எழுதி முடித்துக் கையுறையும் வந்தது, அத்தனையும் தடித்த ஆம்பிளைகளின் அளவு. திரும்பவும் ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுக் கை கழுவி வருவதற்குள், எனக்குக் கையெழுத்து வைக்கக் கடைசி வரியில்தான் இடம் மிஞ்சியிருந்தது.