விரல் நுழையும் இடைவெளி

நான் ஓடாவி, வள்ளம் கட்டுகிறவன். அந்த நாளில் வீட்டுத் தச்சர்களை நான் மதித்ததே இல்லை. அசையாமல் நிற்கிற வீட்டைக் கட்ட என்ன பெரிய சாமர்த்தியம் வேண்டும் என்று அவர்கள் காதுபடவே சொல்லியிருக்கிறேன். வாய்க்கொழுப்பு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், ஏர்வாடிக்குக் கிழக்கே ஒரு கடற்கரை ஊரில், கணவரை இழந்த ஒரு முஸ்லிம் அம்மா தன் வீட்டு மாடியைப் பழுதுபார்க்கக் கூப்பிட்டார். கப்பல் வியாபாரம் செழித்த காலத்தில் ரங்கூன் தேக்கில் கட்டிய மாடி அது. அந்த ஊரில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் அங்கே குடிவர வேண்டும். அவருக்கு ஒரே மகள், இருந்ததும் அந்த ஒரே வீடு. வாடைக்காற்றில் சாரல் உள்ளே அடித்துக்கொண்டிருந்தது.

"எம்மக நிக்காஹ்வுக்கு முந்தி ஒரு சொட்டு உள்ள வரக்கூடாது, ஓடாவியாரே" என்றார்.

சுவருக்குள் நுழையும் ஒவ்வோர் உத்தரத்தின் முனையைச் சுற்றியும் விரல் நுழையும் இடைவெளி விட்டிருந்தார்கள். பழைய தச்சனின் சோம்பேறித்தனம் என்று சிரித்தேன். வள்ளத்துக்குச் செய்வதுபோல் பஞ்சைத் திரித்து, குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்து, எல்லாவற்றையும் இறுக அடைத்து மேலே தார் பூசினேன். அந்த மழைக்கு ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. ஊரில் நாலு பேர் மெச்சினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சம்பந்தம் கூடிவர மூன்று மழை ஆயிற்று. வீடு பார்க்க வந்த மாப்பிள்ளையின் தாய்மாமன், மாடியில் நடந்தவர் சட்டென்று நின்றுவிட்டார்.

"இங்கன பலகை இறங்குதே?"

அந்த அம்மா எனக்கு ஆள் அனுப்பினார். ஓடாவி வந்து நல்ல மரம் என்று சொல்லிவிட்டால் போதும் என்ற நம்பிக்கை. கதவோரம் மகள் நிற்பது தெரிந்தது. நான் உத்தரத்தின் முனையில் உளியை வைத்து அழுத்தினேன். பிடிவரைக்கும் போயிற்று. வெளியே பளபளப்பு, உள்ளே சேறு. சுவரின் ஈரம் மரத்தில் தங்காமல் காய்வதற்காக விட்ட இடைவெளி அது என்று அப்போதுதான் புரிந்தது. தண்ணீரிலேயே கிடக்கிற மரத்தை மட்டும் அறிந்தவனுக்கு, சுவருக்குள் கிடக்கிற மரத்தைப் பற்றி என்ன தெரியும்?

உளியோடு வந்த ஈரப்பஞ்சை யாரும் பார்க்குமுன் மடியில் செருகிக்கொண்டேன்.

"பழைய மரம்மா. ஆயுசு முடிஞ்சிருச்சு" என்றேன்.

தாய்மாமன் சர்பத்தைத் தொடாமல் இறங்கிப் போனார். சம்பந்தம் அதோடு நின்றது. பழியை எனக்கு முன்னே வாழ்ந்து செத்த தச்சன்மேலும், வாயில்லாத மரத்தின்மேலும் போட்டுவிட்டு நானும் வீடு வந்து சேர்ந்தேன். வெட்கக்கேடு.

அடுத்த வருசம் மாடியைப் பிரித்துவிட முடிவுசெய்தார்கள். அதற்கும் எனக்குத்தான் ஆள் வந்தது. அந்த அம்மா ஏன் என்னையே கூப்பிட்டார் என்று புரியாமலே உளியையும் சுத்தியலையும் இறக்கிவைத்தேன். அவரே சொன்னார்:

"எத்தனையோ ஆசாரிக இருக்காக. எம்மகளுக்குப் பாதகமானாலும் அன்னைக்கு உள்ளதச் சொன்னது நீங்க ஒருத்தர்தான்."