பல் கட்டுபவரின் சுண்டுவிரல்

எலெக்ட்ரிக் கிடாரை மடியில் வைத்ததும் அவருடைய வலது சுண்டுவிரல், அதன் வயிற்றிலிருக்கும் ஒரு சின்னத் திருகைக் கடைசிவரை குறைத்துவிடும். பிறகுதான் கம்பியில் கை வைப்பார்.

பக்கத்து வீட்டுக்காரர். நடுவில் ஒரே சுவர், அதுவும் அட்டை மாதிரி. பிழைப்புக்குப் பல்செட் செய்கிறார். என் வாயில் இருப்பதும் அவர் கைவேலைதான். வழியில் பார்த்தால் நலம் விசாரிக்கத் தெரியாது. "எங்க, ஒரு கடி கடிச்சுக் காட்டுங்க பெரியம்மா" என்பார். நானும் வெட்கமில்லாமல் நடுத்தெருவில் டக்டக்கென்று கடிப்பேன். காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "இடப்பக்கம் தூக்குது, வாங்க, ராவித் தரேன்" என்பார். மயிரிழை தூக்கலைச் சத்தத்திலேயே பிடிக்கிற காது.

அந்தக் காதுதான் போன வாரம் தோற்றது. இருபது வருஷமாகத் தனக்குத்தானே வாசித்துக்கொண்டிருந்த மனிதர், கல்யாணங்களில் வாசிக்கிற ஒரு குழுவில் சேர ஆசைப்பட்டு, வீட்டுக் கம்ப்யூட்டரில் பதிவு செய்து அனுப்பினார். "கை சுத்தமா இருக்கு சார். ஆனா சத்தம் மெத்தைக்குள்ளேருந்து வருது. ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள தெளிவா அனுப்புங்க, இல்லேன்னா வேற ஆளைப் போட்டுக்கறோம்" என்று பதில் வந்தது.

கம்பியை மாற்றினார். ஒயரை மாற்றினார். கம்ப்யூட்டரில் என்னென்னவோ கோடுகளை ஏற்றி இறக்கினார். கடைசியில் ஜன்னல் திரையைக்கூடக் கழற்றிப் போட்டார்.

"நான் ஜுரத்துல கெடந்தப்ப இந்த ஓட்டம் ஓடலையே" என்றாள் பெண்டாட்டி.

"நீ படுத்தா எந்திரிச்சுடுவே. இது எந்திரிக்க மாட்டேங்குதே!"

ஞாயிறு மதியம் பல்லை ராவ எடுத்துக்கொண்டு போனேன். அவர் மூஞ்சி தொங்கிக் கிடந்தது. திரும்ப வாசிக்க உட்கார்ந்தார். சுண்டுவிரல் திருகியது.

"ஏன் தம்பி, ஒவ்வொரு தடவையும் அதை எதுக்குத் திருகறீங்க?"

தன் விரலை யாரோ ஒருவர் விரல்போலப் பார்த்தார். "அட! இது... உங்களுக்காகப் பெரியம்மா."

கீச்சொலியை மழுக்குகிற திருகாம் அது. அவர் குடிவந்த புதிதில் நான் கரண்டியால் சுவரைத் தட்டி, "என்னய்யா, தகரத்தைக் கிழிக்கறியா?" என்று கத்தியிருந்தேன். அன்று குறைக்க ஆரம்பித்தவர். இரண்டு வருஷத்தில் அவரைக் கேட்காமலே விரல் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

"நான் சொன்ன எதுக்கும் அசையாத மனுஷன், அடுத்த வீட்டுக் கரண்டிக்கு ஆடியிருக்காரு பாருங்க" என்று அவள் சிரித்தாள்.

"கழுத்தை நெரிச்சு வச்சுக்கிட்டு, கத்தலையேன்னா எப்படி? தொறங்க அதை" என்றேன்.

திறந்தார். ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாக வந்து நின்றது. பல் கையில் இருந்ததால் பிழைத்தேன். வாயில் இருந்திருந்தால் கூசியிருக்கும். ஆனால் நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

பதிவு செய்து அனுப்பிவிட்டு என் பல்லை ராவிக்கொண்டிருந்தபோதே பதில் வந்தது: செவ்வாய்க்கிழமை ஒத்திகை, கிடாரோடு வரவும். இரண்டு முறை படித்தார். பெண்டாட்டியிடம் நீட்டினார். என் பல்லை மாட்டிவிட்டு, கடிக்கச் சொல்லிக் காதைச் சாய்த்தார். "இப்ப சரி."

சந்தோஷம் தாங்காமல் கிடாரை மறுபடி மடியில் எடுத்தார். சுண்டுவிரல் திருகின்மேல் போய் நின்றது. என்னைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். தெரிந்தே, மெல்ல, கடைசிவரை குறைத்தார்.