பத்து வரிக்கு ஒரு பதில்

நாசரேத்துக் கிருபை தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் டெலக்ஸ் ஆபரேட்டராகச் சேர்ந்தது 1977இல். மூன்று வருஷம் விலகுவதில்லை என்று கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் வேலை கொடுத்தார்கள். உப்புத்தூசி மெஷினுக்கு ஆகாதென்று அவள் அறையின் ஜன்னல்களை ஆணியடித்து மூடியிருந்தார்கள்.

சரக்கு விவரத்தைக் காகித நாடாவில் துளைகளாக அடித்து மெஷினில் ஓடவிட்டால், சென்னை ஆபீசில் எழுத்தாக விழும். தூத்துக்குடியில் அவளுக்கு முன்பே ஆபரேட்டராக இருந்த காசிலிங்கம் அண்ணாச்சி நாடாவை மாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். மழைக்காலத்தில் லைனில் இரைச்சல் புகுந்து எண்கள் மாறும். முழு நாடாவையும் திரும்ப ஓட்டுவார். அப்போது வேறெங்காவது பிழை விழும்.

கிருபை வேறு மாதிரி செய்து பார்த்தாள். பத்து வரி அனுப்பி, அவற்றிலுள்ள எண்களின் கூட்டுத்தொகையையும் அனுப்பிவிட்டு நிறுத்துவாள். சென்னையில் ஆபரேட்டர் பூமா கூட்டிப் பார்த்து, சரி என்று பதில் அடித்தால்தான் அடுத்த பத்து. தப்பென்றால் அந்தப் பத்தை மட்டும் மறுபடி அனுப்புவாள்.

மேனேஜர் வெள்ளத்துரை இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். வெயில் நாளில் அண்ணாச்சி முந்தினார். ஐப்பசி மழையில் அவர் நாடா எத்தனை தடவை ஓடியும் தேறவில்லை. கிருபையுடையது மெதுவாகப் போனாலும் பிழையில்லாமல் போய்ச் சேர்ந்தது. இனி எப்போதும் அதுதான் முறை, ஆள் மெஷினை விட்டு நகரக் கூடாது என்றார் மேனேஜர். அண்ணாச்சி துறைமுக வேலைக்கு மாற்றல் கேட்டு, சந்தோஷமாகப் போய்விட்டார்.

அதன்பிறகு கிருபையால் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. சாப்பாடும் மெஷின் பக்கத்திலேயேதான். புருஷன் செல்வதுரை சாத்தான்குளத்தில் வாத்தியார். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க் வேலை இருப்பதாக அவன் சொன்னதும், தன்னை விடுவிக்கும்படி மேனேஜரிடம் கேட்டாள். மெஷினைப் பார்க்க வேறு ஆளில்லை என்று மறுத்துவிட்டார்.

தை பிறந்து லைன் தெளிவாக இருந்த ஒருநாள், முழு நாடாவையும் ஓடவிட்டுவிட்டு வெளியே வந்து பூவரச மரத்தடியில் நின்றாள். காற்று முகத்தில் பட்டது. மேனேஜர் பார்த்துவிட்டார்.

"யாரு ஒன்ன வெளிய வரச் சொன்னா?"

"இன்னைக்கு லைன் நல்லாருக்கு சார். அண்ணாச்சி முறையே போதும். மழைக்குத்தான் என் முறை வேணும்."

"மெஷின விட்டு எந்திரிக்கக் கூடாதுன்னு சொன்னது சொன்னதுதான். உள்ள போ."

உள்ளே போனாள். நாடாவில் ஒரு பிழையும் இல்லை என்று பூமாவிடமிருந்து பதில் வந்திருந்தது. அதைக் கிழித்துக்கொண்டுபோய்க் காட்டினாள். மேனேஜர் கையில் வாங்கவில்லை.

பள்ளிக்கூட வேலை அந்த மாதமே வேறொருத்திக்குப் போயிற்று.