மாலதிக்காவின் ஒற்றைக் கரண்டி

மாலதிக்கா போய்விட்டார். இன்று காலை, தூக்கத்திலேயே.

அவர் மகள் போனில் சொன்னபோது பூன் லேயில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன்... பஸ் வந்தது, போனது. ஏறத் தோன்றவில்லை.

தெம்பனிஸில் ஒரு பாலர் பள்ளி. அங்கே நாலு வயதுப் பிள்ளைகளுக்கு அப்போது அக்காவும் நானும்தான் டீச்சர்.

வகுப்பின் ஓரத்தில் பொய்ச் சமையல் செய்து மசாக் மசாக் விளையாட அக்கா ஓர் இடம் வைத்திருந்தார். சட்டி, கிண்ணம், பிளாஸ்டிக் இறால் எல்லாம் நிறைய. கரண்டி மட்டும் ஒன்றே ஒன்று.

"ஏன்க்கா, ஸ்டோர்ல இன்னும் கெடக்கே?"

"கெடக்கட்டும்லா. ஒன்னுதான் இருந்தா இன்னொரு பிள்ளைகிட்ட போய்க் கேக்கணும். ஆளுக்கு ஒன்னு குடுத்துட்டா எதுக்குப் பேசப் போகுதுங்க?"

இழுபறி, அழுகை, தினமும் கூத்துதான். அக்கா ஓடிப்போய்ப் பிடுங்க மாட்டார். பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து, "அவன்கிட்டயே கேட்டுப் பாரேன்" என்பார்.

பள்ளியில் வாயே திறக்காத யாழினி, ஒரு நாள் பக்கத்துப் பையனின் சட்டையை இழுத்து, "முடிச்சிட்டியா? அப்புறம் எனக்கு?" என்றாள்.

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கொடுத்தான். அக்கா முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்புறம் ஒரு அப்பாவின் கம்ப்ளெயின்ட். பொம்மைக்குக்கூடப் பஞ்சமா என்று. மறுவாரமே பிரின்சிபல் ஆளுக்கொரு கரண்டி வாங்கிப் போட்டார்.

சண்டை நின்றது. பேச்சும் நின்றது. அவரவர் கரண்டி, அவரவர் சட்டி, முதுகைக் காட்டிக்கொண்டு சமையல்.

"பாத்தீங்களா, இப்ப எவ்ளோ பீஸ்ஃபுல்!" என்றார் பிரின்சிபல்.

அக்கா புதுக் கரண்டிகளை எடுத்து ஒளித்துவைத்தார். சொன்ன பேச்சு கேட்கவில்லையாம்... பிள்ளைகளிடமிருந்து பிரித்து ஆபீசில் லேமினேட் செய்ய உட்கார வைத்தார்கள். கொஞ்ச நாளில் அவரே ரிசைன் செய்தார்.

இன்று பள்ளியின் இணையப் பக்கத்தில் ஒரு பதிவு. "விளையாட்டு வழியே பிள்ளைகளைப் பழக வைத்த எங்கள் அன்பு டீச்சர்." போட்டோவில் அதே மசாக் மசாக் இடத்தில் அக்கா, கையில் அந்தக் கரண்டி.

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உயிரோடு இருந்தபோது ஒருத்தராவது சொன்னீர்களா இதை?

சாயந்திரம், அவர் குடியிருந்த புளோக்கின் கீழ்த்தளத்தில் உடலை வைத்திருந்த இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பள்ளியிலிருந்து பெரிய மலர்வளையம் வந்திருந்தது. பள்ளி ஆள் யாரும் வரவில்லை. யாழினியும் அவள் அம்மாவும் வந்திருந்தார்கள்.

போய் வாங்கக்கா. நீங்க போற இடத்துலயாவது யாரும் ஆளுக்கொரு கரண்டி வாங்கிப் போடாம இருக்கட்டும்.