மைனஸ் இரண்டு

கல்லூரி ஆய்வகத்தில் என்னோடு வேலை பார்த்தவர் அவர். ஒடிசலான உடம்பு, எப்போதும் முழுக்கைச் சட்டை. நீரோட்டத்தை அளக்க, கண்ணாடித் தொட்டியில் ஓடும் நீரில் பொடித் துகள்களைத் தூவி, அடுத்தடுத்துப் படம் பிடிப்போம். மென்பொருள் ஒவ்வொரு துகளையும் ஒரு வரியாகக் கோப்பில் எழுதும். அடுத்த படத்தில் அது எந்த வரிக்குப் போனது என்பதும் அதிலேயே இருக்கும். காணாமல் போயிருந்தால் அந்த இடத்தில் ‘மைனஸ் இரண்டு’ என்று விழும்.

அப்படிப் பாதியில் அறுந்த தடங்களை நாங்கள் அழித்துவிடுவோம். அவர் மட்டும் தனிக் கோப்பில் சேர்த்து வைத்தார்.

“இதை வச்சு என்ன செய்யப் போறிய அண்ணாச்சி?” என்று ஒருநாள் கேட்டேன்.

“கேமராவுக்குத் தெரியலன்னா இல்லன்னு ஆயிருமா வே? தண்ணிக்குள்ள எங்கனயோ போய்க்கிட்டுதான இருக்கும்” என்றார்.

மாலையில் என் பைக்கில்தான் வீடு திரும்புவார். தாமிரபரணிப் பாலம் வந்ததும், “பைய ஓட்டும் வே” என்பார். தண்ணீர் போகும் திசையையே பாலம் முடியும்வரை யாரையோ தேடுவதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பார். எதற்கென்று நான் கேட்டதில்லை.

அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். இப்போதும் பாலம் வந்தால் என் கை தானாக வேகத்தைக் குறைக்கிறது. ஆற்றைப் பார்க்கிறேன். யாரைத் தேட வேண்டும் என்றுதான் எனக்குத் தெரியவில்லை.